படத்துக்குள் ஒரு பெட்டி

வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அப்பாவின் வருமான வரிக் கணக்கு, அக்காவின் டைரி, தம்பியின் விளையாட்டு எல்லாம் அதற்குள்தான். சொந்த விஷயத்தை அதில் எங்கே வைப்பது?

பலருக்கும் முதலில் கண்ணில் படுவது விண்டோஸின் 'ஹிட்டன்' வசதி. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ஒரு டிக் அடித்தால் ஃபோல்டர் மாயமாகிவிடும். உண்மையில் அது இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. 'இதைக் காட்டாதே' என்று ஒரு குறி விழுகிறது, அவ்வளவுதான். வியூ மெனுவில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' எங்கே இருக்கிறது என்று தெரிந்த பத்து வயதுப் பையன் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும்.

லினக்ஸில் இன்னும் சுலபம். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் மறைந்துவிடும். இது யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த வசதி இல்லை. லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸின் ஆரம்ப காலத்தில், ஒவ்வொரு ஃபோல்டரிலும் தானாக இருக்கும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரண்டு பதிவுகளைப் பட்டியலில் காட்ட வேண்டாம் என்று நினைத்தவர்கள், குறுக்கு வழியாக 'புள்ளியில் தொடங்கும் எதையும் விட்டுவிடு' என்று எழுதிவிட்டார்களாம். பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ராப் பைக் சொன்ன கதை இது.

ஃபைல் பெயரின் வாலை (எக்ஸ்டென்ஷனை) மாற்றி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் பெயர் எதுவானாலும் உள்ளடக்கம் காட்டிக்கொடுக்கும். பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டும் ஜிப் ஃபைலின் தொடக்கத்தில் வழக்கமாக பி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். 1989-இல் ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் கட்ஸின் பெயரெழுத்துகள் அவை.

எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வேறு. ஜேபெக் படத்தைக் காட்டும் மென்பொருள் ஃபைலை முன்னாலிருந்து படிக்கிறது. 'படம் முடிந்தது' என்ற குறி வந்ததும் நிறுத்திக்கொள்கிறது. ஜிப் இதற்கு நேர் எதிர். அதன் பொருளடக்கம் ஃபைலின் கடைசியில் இருப்பதால், பிரிக்கும் மென்பொருள் பின்னாலிருந்து தேடும். ஆகவே ஒரு பூ படத்தின் வாலில் கடிதங்கள் அடங்கிய ஒரு ஜிப்பை ஒட்டிவிட்டால், இரண்டு தரப்புக்கும் புகார் இருக்காது. விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் இருக்கும் 'காப்பி' கட்டளையே, பைனரி முறையில் ஒட்டச் சொன்னால், இந்த ஒட்டு வேலையைச் செய்துவிடும். டபுள் கிளிக் செய்தால் பூ தெரியும். அதே ஃபைலை 7-ஜிப் என்ற மென்பொருளில் திறந்தால் உள்ளே இருக்கும் கடிதங்கள் தெரியும்.

அழகான வித்தைதான். ஆனால் ஒரு பூ படம் 40 எம்பி இருந்தால் விவரம் தெரிந்தவருக்குச் சந்தேகம் வராதா? வாட்ஸ்அப்பில் அதைப் போட்டோவாக அனுப்பினால் படம் மறுபடி சுருக்கப்படும். ஒட்டிய வால் போயே போய்விடும்.

இவை எல்லாமே கண்ணிலிருந்து மறைப்பவை. பிறர் கையில் கிடைத்தாலும் படிக்க முடியாமல் செய்ய வேண்டுமென்றால் குறியாக்கம்தான் வழி. அதற்கும் பெரிய செலவில்லை. இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப்பில் ஃபோல்டரைச் சுருக்கும்போது பாஸ்வேர்ட் கொடுத்தால் ஏஇஎஸ்-256 என்ற குறியாக்க முறையில் பூட்டித் தரும். வடிவம் கேட்கும் இடத்தில் ஜிப்பைத் தேர்ந்தெடுக்காமல் 7இசட்டைத் தேர்ந்தெடுங்கள். ஜிப்பில் உள்ளடக்கம் பூட்டப்பட்டாலும் ஃபைல் பெயர்கள் வெளியே தெரியும்; 'விவாகரத்து மனு' என்ற பெயரே போதாதா? 7இசட்டில் பெயர்களையும் பூட்டுவதற்குத் தனியாக ஒரு டிக் உண்டு.

பூட்டியதோடு வேலை முடியவில்லை. மூல ஃபைல் பழைய இடத்தில் இருக்கும், டெலீட் செய்தாலும் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். படமாக இருந்தால் விண்டோஸ் எடுத்து வைத்த குட்டிப் பிரதி தனியே தங்கியிருக்கலாம். வேர்டைத் திறந்தால் சமீபத்திய ஃபைல்களின் பட்டியலில் பெயர் பளிச்சென்று நிற்கும். கிளவுடில் தானாக ஏறும்படி வைத்திருந்தால் அங்கும் ஒரு நகல்.

இன்னொன்று. 7-ஜிப்பில் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?' என்ற பொத்தான் கிடையாது. நல்ல நீளமான பாஸ்வேர்டை வைத்துவிட்டு மறந்தால், மென்பொருளை எழுதியவராலும் அதைத் திறக்க முடியாது. ஒரு தாளில் எழுதி, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.