சவுக்கு மரத்தடியில் தேட வேண்டிய பறவை

கிளாசி பிளாக் காக்கட்டூவைத் தேடிப் போகிறவர் முதலில் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் காடுகளிலும் தெற்கே கங்காரு தீவிலும் வாழும் இந்தக் கறுப்புக் கொண்டைக்கிளிக்குச் சவுக்கு இன மரங்களின் விதைதான் ஏறக்குறைய முழு உணவும். நம் கடலோரச் சவுக்குக்கு உறவான மரங்கள் அவை. காயைப் பெரும்பாலும் இடது காலில் பிடித்துக்கொண்டு, அகன்ற அலகால் செதில் செதிலாகக் கடித்து விதையை எடுக்கும். சக்கை கீழே உதிரும். அது வெளிர்நிறமாக இருந்தால் பறவை அண்மையில் வந்திருக்கிறது. சாம்பல் பூத்திருந்தால் பழசு. பிடித்துப்போன மரத்துக்கு மறுபடி மறுபடி வரும் என்பதால் புதுச் சக்கை கிடந்த இடத்தில் காத்திருப்பது வீண்போகாது.

அங்கே பேசாமல் நின்று காதைத் தீட்டுங்கள். மற்றக் கறுப்புக் காக்கட்டூக்கள் போடும் கூச்சல் இதனிடம் இல்லை. காய் நொறுங்கும் மெல்லிய 'டிக் டிக்' ஒலிதான் காட்டிக்கொடுக்கும். அந்தி நேரத்தில் நீர்நிலைக்குத் தண்ணீர் குடிக்க வரும்போதும் பார்க்கலாம்.

அரை மீட்டர் நீளம், பழுப்புக் கலந்த கறுப்புத் தலை, தாழ்ந்த கொண்டை, வாலில் சிவப்புப் பட்டை. பெண்ணின் தலையிலும் கழுத்திலும் மஞ்சள் திட்டுகள் தாறுமாறாக இருக்கும். ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. உடலெங்கும் மஞ்சள் புள்ளி தெரிந்தால் அது பெரிய கொண்டையுள்ள சிவப்பு வால் காக்கட்டூவின் பெண். கன்னமும் வாலும் மஞ்சளாக இருந்தால் மஞ்சள் வால் காக்கட்டூ.

கங்காரு தீவில் இந்தப் பறவை 1990களின் நடுவில் இருநூறுக்கும் கீழே போய்விட்டது. மரப்பொந்தில் ஒரே ஒரு முட்டைதான் இடும். அதையும் போசம் என்ற மரமேறி விலங்கு தின்றுவிடும். கூட்டு மரங்களின் அடியில் தகரப் பட்டை சுற்றியதும் போசம் ஏற முடியாமல் போனது; குஞ்சுகள் பிழைத்தன. மெல்ல மெல்லப் பெருகி வந்தபோது, 2019-20 காட்டுத்தீ தீவின் சவுக்குகளில் பெரும்பங்கைத் தின்றது.

சிட்னி, பிரிஸ்பேன் புறநகர்களில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தோட்டத்தில் அந்த ஊர்ச் சவுக்கு ஒன்று நடுங்கள், பொந்து விழுந்த கிழட்டு மரத்தை வெட்டாமல் விடுங்கள். இந்தப் பறவை முட்டையிடும் அளவுக்குப் பொந்து உருவாக நூறாண்டுக்கு மேல் ஆகும்.