வீடு தேடி வந்த சரசுவதி!

செஞ்சிப் பக்கம் தளவானூரில் பாறையைக் குடைந்து கோயில் அமைத்தான் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன். 'சித்திரகாரப்புலி' என்றும் அவனுக்கு ஒரு பட்டம் உண்டு! ஆனால் அந்தச் சாமியைப் பார்க்க நாம்தான் போகவேண்டும்.

சாமியை ஓவியமாக வீட்டுக்கே அனுப்பி வைத்தவர் ராஜா ரவிவர்மா. 1848-ல் கிளிமானூரில் பிறந்தவர்.

எண்ணெய் வண்ண வித்தை அந்த நாளில் சிலருக்கே தெரியும். திருவனந்தபுரம் அரண்மனையில் அது தெரிந்தவர் மதுரை ராமசாமி நாயுடு. அவரோ பையனுக்குச் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை, குருவுக்குத் தெரியாமல் இரவில் வந்து கற்றுக் கொடுத்தாராம்! பிறகு ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியர் வந்தார். அவரும் சொல்லித்தரவில்லை, தீட்டும்போது பார்க்கலாம் என்றார். ரவிவர்மாவுக்கு அது போதுமே!

கையால் தீட்டிய படம் ஒரு வீட்டுக்குத்தான். அதுவும் அரண்மனைக்கு, அல்லது பணக்காரர் மாளிகைக்கு. ஒரு நகல் தீட்டவும் பல நாள் ஆகும். ஆகவே 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். வண்ணத்துக்கு ஒரு கல். ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தால் முழுப் படம். மூலப் படத்தின் நயம் அச்சில் கொஞ்சம் குறையத்தான் செய்தது. அச்சகத்தில் நஷ்டம் வேறு. அதை விற்றே விட்டார்.

ஆனால் படங்கள் நிற்கவில்லை. தாமரை லட்சுமியும் வீணைச் சரசுவதியும் ஊர் ஊராகப் போனார்கள். மதுரை மீனாட்சி கோயில் அரிசனங்களுக்குத் திறந்தது 1939-ல்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, காசு கொடுத்தவர் யாராயினும் அவர் வீட்டுச் சுவரில் சரசுவதி வந்து உட்கார்ந்துவிட்டாள்.