கடல் கடக்கும் முன்

வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலை தேடிச் சென்றவர்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் உள்ளனர். ஈராண்டு ஒப்பந்தமாகத் தொடங்கும் பயணம் பலருக்கு இருபது ஆண்டு வாழ்க்கையாகவே நீண்டுவிடுகிறது. இத்தகைய பயணத்துக்குப் பெட்டி கட்டுவது எளிய வேலை. கையில் இருக்கும் தாள்கள் என்ன சொல்கின்றன என்று அறிவதே அரிய வேலை.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று இல்லாதவரின் கடவுச்சீட்டில் ‘குடிபெயர்வு ஒப்புதல் தேவை’ என்னும் குறிப்பு பொதுவாக இடம்பெறும். அவர் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாப்பாளரின் ஒப்புதலைப் பெறவேண்டும். அதற்கான அலுவலகம் சென்னையிலும் உள்ளது. வேலை ஒப்பந்தமும் ஊதியமும் அங்குச் சரிபார்க்கப்படும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீடும் கட்டாயம். ஈராண்டுக்கு 275 ரூபாய், மூவாண்டுக்கு 375 ரூபாய் என்னும் சிறு தொகைக்கு, விபத்தில் இறப்போ நிலையான ஊனமோ நேர்ந்தால் 10 இலட்சம் ரூபாய் வழங்கும் காப்பீடு அது.

இதனைப் படிக்கும் நீங்கள் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றவர்கள். ஆகவே இந்த ஒப்புதல் உங்களுக்குப் பொதுவாகத் தேவைப்படாது. சலுகை போலத் தோன்றும் இவ்விலக்கில் ஓர் இடர் உண்டு: உங்கள் ஒப்பந்தத்தை அரசு சரிபார்க்கும் வாய்ப்பும் அதனோடு நீங்கிவிடுகிறது. 2022ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கணினி சார்ந்த வேலை என்று கூறி அழைத்துச் செல்லப்பட்ட இந்தியர் பலர், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினர். மீட்கப்பட்டோருள் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தனர். அவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். கணினி அறிந்தவர்கள் என்பதாலேயே குறிவைக்கப்பட்டவர்கள்.

எனவே முதலில் நோக்க வேண்டியது நுழைவிசைவின் வகை. “சுற்றுலா நுழைவிசைவில் போய்விடு, அங்கே போனபின் மாற்றிக்கொள்ளலாம்” என்று ஒரு முகவர் சொன்னால், அவரிடமிருந்து விலகுவதே நலம். சுற்றுலாப் பயணியாக நுழைந்தவரை அந்நாட்டுச் சட்டம் தொழிலாளராகக் கருதாது. கூலி கிடைக்கவில்லை என்று முறையிடச் சென்றால், அவரே சட்டத்தை மீறியவராக நிற்க நேரும்.

முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையத்தளத்தில் காணலாம். பதிவு பெற்றவர் தம் பணிக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே பெறலாம். தமிழ்நாடு அரசு 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள்சேர்ப்பை நடத்துகிறது. இவையெல்லாம் இருந்தும் நிலத்தை அடகு வைத்து, நகையை விற்று, இலட்சக்கணக்கில் கொடுப்போர் குறையவில்லை. பணம் போவதைவிடப் பெரிய தீங்கு அதன்பின் வருகிறது. கடன் பட்டவர் எவ்வளவு கொடிய வேலையாயினும் விட்டு வரமாட்டார். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரைக் கங்காணியிடம் பெற்ற முன்பணமும், அவர்தம் கடனை எழுதிய ‘துண்டு’ என்னும் சீட்டும் இவ்வாறே கட்டிவைத்தன.

ஒப்பந்தத்தைப் புறப்படுமுன் படிக்க வேண்டும். புரியாத மொழியில் இருந்தால் அறிந்தவரைக் கொண்டு படிக்கச் செய்ய வேண்டும். அடிப்படை ஊதியம் எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு, தங்குமிடம் யார் பொறுப்பு, திரும்பி வரும் பயணச்சீட்டை யார் தருவார் என்னும் நான்கிற்கும் அதில் விடை இருக்கவேண்டும். விமான நிலையத்தில் வேறொரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் ஐயுற வேண்டும். வேலையளிப்பவர் தொழிலாளரின் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வதைக் கத்தார், அமீரகம் முதலிய நாடுகளின் சட்டங்களே தடைசெய்கின்றன. எனினும் அவ்வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

கல்விச் சான்றிதழ்களுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், சில நாடுகளுக்குத் தூதரகம் எனப் படிப்படியாகச் சான்றொப்பம் பெறவேண்டும். இதற்குப் பல வாரங்கள் ஆகலாம். முன்னதாகவே தொடங்குவது நன்று.

பெட்டியிலும் கவனம் வேண்டும். நம் வீட்டுக் குருமாவில் அரைத்துச் சேர்க்கும் கசகசா, அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் சிங்கப்பூரிலும் தடைசெய்யப்பட்ட பொருள். அது அபினிச் செடியின் விதை. தாய் அன்போடு கட்டிக்கொடுக்கும் மசாலாப் பொட்டலம் மகனைச் சிறைக்கு அனுப்பக்கூடும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலிநீக்கிகள் ஆகியவற்றுக்கும் அந்நாடுகளில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. மருத்துவரின் சீட்டு உடனிருப்பதோடு, தேவையெனில் முன்னனுமதியும் பெற்றிருக்க வேண்டும்.

வேலைக்காக அயல்நாட்டில் குடியிருக்கச் செல்பவர் தம் சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியருக்கான கணக்காக மாற்ற வேண்டும். கடவுச்சீட்டு, நுழைவிசைவு, ஒப்பந்தம், காப்பீடு ஆகியவற்றின் நகல்கள் ஒரு தொகுப்பாக வீட்டிலும் இருக்கவேண்டும். சென்றவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு நின்றுபோனால், வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையத்தளத்தில் முறையீட்டைப் பதிவுசெய்யப்போவது வீட்டில் இருப்பவர்தாம். அப்போது முதலில் கேட்கப்படுபவற்றுள் ஒன்று கடவுச்சீட்டு எண்.