இரைப்பை சிறுத்தால் சுவை குறையுமா?

பூவிருந்தவல்லிக்கும் குன்றத்தூருக்கும் இடையே உள்ள மாங்காடு, மாமரக் காட்டைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர். அங்குள்ள காமாட்சியம்மன் கோயிலுக்கு எலுமிச்சம் பழத்துடன் ஆறு வாரம் தொடர்ந்து வருபவர் பலர்.

அந்த ஊரில் வாழும் ஒரு குடும்பத் தலைவியை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து, எடை 112 கிலோ. நீரிழிவும் முழங்கால் வலியும் உண்டு. உணவுக் கட்டுப்பாடு, நடை, மாத்திரை ஆகியவற்றால் போதிய பயன் கிட்டாமையால், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அம்மையார் கத்திக்கு அஞ்சவில்லை. அவர் கேட்பது வேறு: "அதற்குப் பிறகு வாய்க்கு ருசியாகச் சாப்பிட முடியுமா, டாக்டர்? மாம்பழக் காலம் வந்தால் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டுமா? கோயில் சர்க்கரைப் பொங்கலைக் கையில் வாங்கிப் பிறருக்குக் கொடுத்துவிட வேண்டியதுதானா?"

இதைச் சிரித்து ஒதுக்கிவிடக்கூடாது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகுந்த எடை உள்ளவர்கள். இவர்களுள் அறுவை சிகிச்சை தேவைப்படுவோர் சிறு பகுதியினரே. ஆயினும் அவர்கள் மனத்தில் எழும் முதற்கேள்வி பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

அறுவையில் நடப்பது என்ன?

1954இல் அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள், சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்து உணவைத் திருப்பிவிடும் அறுவை முறையை வெளியிட்டனர். எடை குறைந்தது, ஆனால் சத்துக் குறைவும் ஈரல் கோளாறும் வந்தன. அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. 1966இல் எட்வர்டு மேசன் என்பவர் இரைப்பையிலேயே மாற்றம் செய்யும் வழியைக் காட்டினார்.

இன்று பெரிதும் கையாளப்படும் முறைகள் இரண்டு. முதல் முறையில், ஒரு லிட்டருக்கு மேல் விரியக்கூடிய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கி, 100 முதல் 150 மில்லி லிட்டர் கொள்ளும் குழாயாக ஆக்குகிறார்கள். இரண்டாவது முறையில், இரைப்பையின் மேற்புறத்தில் ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் கொள்ளும் சிறு பையைப் பிரித்து, அதை நேரே சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டில் உடல் எடையில் ஏறத்தாழக் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ குறையும்.

பசியும் சுவையும்

இரைப்பை வெறும் பை அன்று. அது செய்தியும் அனுப்புகிறது. 1999இல் ஜப்பானிய அறிஞர்கள் கோஜிமா, கங்காவா ஆகியோரும் உடன் உழைத்தோரும் 'கிரெலின்' என்னும் ஹார்மோனைக் கண்டறிந்தனர். இரைப்பையின் மேற்பகுதியில் மிகுதியாகச் சுரக்கும் இது, மூளையில் பசியைத் தூண்டுகிறது. முதல் முறை அறுவையில் அந்த மேற்பகுதியே நீக்கப்படுவதால் பசி தணிகிறது. உண்டபின் 'போதும்' என்று உணர்த்தும் குடல் ஹார்மோன்கள், இரு முறைகளிலும், முன்பைவிட விரைவாகவும் மிகுதியாகவும் சுரக்கின்றன. ஆகவே, முதற்சில மாதங்களில் பலருக்குப் பசியே தெரிவதில்லை. கடிகாரத்தைப் பார்த்து உண்ண வேண்டியுள்ளது.

சுவையின் கதை வேறு. அதை அறிவன நாவும் மூக்கும் மூளையும். இவற்றை அறுவைக் கத்தி தொடுவதில்லை. மாணவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு மாம்பழத்தைப் பத்துத் துண்டுகளாக நறுக்குங்கள். ஒவ்வொன்றையும் உண்டபின், அது தந்த மகிழ்ச்சிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதி வாருங்கள். முதல் இரண்டு மூன்று துண்டுகளுக்கே பெரும்பாலும் மிகுந்த மதிப்பெண் கிடைக்கும். பிறகு இறங்கிக்கொண்டே போகும். ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அதன்மீதுள்ள விருப்பம் குறைவதை 1981இல் பார்பரா ரோல்ஸ் முதலிய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். விருந்தின் இன்பத்தில் பெரும்பங்கு முதற்சில கவளங்களிலேயே கிடைத்துவிடுகிறது. சிறுத்த இரைப்பையிலும் அக்கவளங்களுக்கு இடம் உண்டு.

ஒன்றை மட்டும் மறைக்கலாகாது. அறுவைக்குப் பின் சிலருக்கு இனிப்பு திகட்டுகிறது; சிலருக்கு இறைச்சியின் மணம் பிடிப்பதில்லை. இம்மாற்றங்கள் பெரும்பாலும் சில மாதங்களில் தணிகின்றன. கவலையோ சலிப்போ வந்தால் முறுக்கு டப்பாவைத் திறந்து ஆறுதல் தேடியவர்களுக்கு, அந்த வழி அடைபட்டவுடன் மனம் சோர்வதும் உண்டு. சிலர் ஆறுதலுக்கு மதுவை நாடுகின்றனர். இது மிகவும் தீங்கானது. சிறுகுடலோடு இணைக்கும் முறைக்குப் பின் மது இரத்தத்தில் விரைந்து ஏறும். மனச்சோர்வையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மாம்பழமும் மாம்பழச் சாறும்

இரைப்பையின் கீழ்வாயில் ஒரு தசை வளையம் உண்டு. அது உணவைச் சிறிது சிறிதாகவே குடலுக்குள் விடும். இரண்டாவது முறையில் உணவு அந்த வாயிலைக் கடப்பதில்லை. ஒரு குவளை சர்க்கரை சேர்த்த மாம்பழச் சாறு குடித்தால், அது மளமளவென்று சிறுகுடலில் இறங்கிவிடும். அடர்ந்த சர்க்கரைக் கரைசல் இரத்தத்திலுள்ள நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. அரைமணி நேரத்திற்குள் படபடப்பு, வியர்வை, தலைச்சுற்றல், வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வேறொரு தொல்லை வரும். திடீரென ஏறிய சர்க்கரையை அடக்க மிகுதியாகச் சுரந்த இன்சுலின், அதை அளவுக்கு மீறி இறக்கிவிடுவதே காரணம். முதல் முறையில் வாயில் அப்படியே இருப்பதால் இத்தொல்லை குறைவு. ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

சாறு வேண்டாம், உணவுக்குப் பின் மெதுவாக மென்று உண்ணும் இரண்டு துண்டுப் பழம் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாது. சர்க்கரைப் பொங்கலும் அப்படியே: தொன்னை அளவு கூடாது, ஒரு சிறு கரண்டி போதும்.

உண்ணும் முறை

அறுவைக்குப் பின் முதலில் தெளிந்த நீர்மங்கள், பிறகு பால், மோர் போன்றவை, அடுத்து மசித்த உணவு, அதன்பின் மென்மையான உணவு என்று படிப்படியாக ஏறி, ஆறு முதல் எட்டு வாரங்களில் வழக்கமான உணவுக்கு வரலாம். சாம்பாரில் ஊறிய இட்லி எளிதில் இறங்கும். பரோட்டாவும் நார்மிகுந்த ஆட்டிறைச்சியும் சிக்கிக்கொண்டு நெஞ்சை அடைக்கும். உண்ணும்போது தண்ணீர் குடிக்கலாகாது. அரைமணி கழித்துக் குடிக்க வேண்டும். நெஞ்செலும்புக்குக் கீழே பாரம் தோன்றினால் அந்தக் கவளத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

புரதமே முதலிடம் பெற வேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் தேவை. ஓர் இட்லியில் சுமார் 2 கிராம் புரதம். இட்லியால் மட்டும் இத்தேவையை நிறைவேற்ற முப்பது இட்லி வேண்டும்! ஒரு முட்டை 6 கிராமும், 200 மில்லி லிட்டர் பால் ஆறு கிராமுக்கு மேலும், 100 கிராம் மீன் ஏறத்தாழ 20 கிராமும் தரும். சைவ உணவினருக்குப் பால், தயிர், பன்னீர், பருப்பு, சுண்டல் ஆகியவை துணை.

அஞ்ச வேண்டிய இடம்

சுவை போய்விடுமோ என்று அஞ்சுவோர், அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாமல் இருந்துவிடுகிறார்கள். தயாமின் என்னும் உயிர்ச்சத்து உடலில் இரண்டு மூன்று வாரங்களுக்கே இருப்பு உள்ளது. வாந்தி தொடர்ந்தால் அது தீர்ந்து, பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, மூளைக்கே கேடு வரக்கூடும். 'அறுவை செய்தால் வாந்தி வரத்தான் செய்யும்' என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது.

பி12 உயிர்ச்சத்து இதற்கு நேர்மாறானது. அதன் இருப்பு ஆண்டுக்கணக்கில் தாங்கும். அதை உடல் ஏற்க இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். அறுவைக்குப் பின் அது குறைவதால், எடை இறங்கி எல்லாம் நலமாக இருக்கும் காலத்தில், பாதம் மரத்துப்போதல், மறதி, சோகை எனக் குறை வெளிப்படும். தாவர உணவில் பி12 இல்லையாதலால், சைவர்களுக்குத் தொடக்கத்திலேயே இருப்பு குறைவாக இருக்கக்கூடும். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறையலாம். எனவே, மருத்துவர் தரும் சத்து மாத்திரைகளும் ஆண்டுதோறும் இரத்தச் சோதனையும் வாழ்நாள் முழுவதும் வேண்டும்.

இன்னொன்று: ஓராண்டுக்குப் பின் பசி மெல்லத் திரும்பும். அதற்குள் நல்ல பழக்கம் படியவில்லையென்றால் எடையும் திரும்பும்.

ஆகவே, மாங்காட்டு அம்மையாருக்கு நாம் சொல்லக்கூடியது இது: "மாம்பழம் உண்டு, அம்மா, இரண்டு துண்டு. பிரசாதம் உண்டு, ஒரு சிறு கரண்டி. மாத்திரை மட்டும் ஒரு நாளும் தவறக்கூடாது." அவருடைய வீட்டாருக்கும் ஒரு சொல்: அவர் 'போதும்' என்று கையை மறித்தபின், 'எனக்காக இன்னும் ஒரு வாய்' என்று இலையில் வைக்காதீர்கள். அந்த ஒரு வாய் அவரை இரவெல்லாம் வருத்தும்.