கிட்டங்கிப் பேரேடு முதல் மின்-விலைப்பட்டியல் வரை: நிறுவனத் தகவல் முறைமை – ஒரு விளக்கம்

"வணிகத்தில் தகவல் முறைமையின் பங்கு" என்று தலைப்புக் கொடுத்தால், நம் மாணவர்கள் பலர் முதல் வரியிலேயே கணினிக்குத் தாவி விடுகிறார்கள். அப்புறம் முகநூல், கைப்பேசி என்று ஓடி, வணிகத்தைத் தொடாமலேயே கட்டுரை முடிந்து விடுகிறது. தலைப்பு கேட்பது கருவியைப் பற்றி அல்ல. தகவல் எப்படி ஒரு நிறுவனத்தின் வேலையை நடத்துகிறது என்பதைப் பற்றி. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம்ம ஊரிலேயே இருக்கிறது.

1. கணினிக்கு முன்பே இருந்த முறைமை

தண்ணீர்மலைக்குத் தைப்பூசத்தில் போகிறோம். வெள்ளி ரதத்தைப் பார்க்கிறோம். அந்த நகரத்தார் கோவிலைக் கட்டிய செட்டியார்கள் பினாங்கு ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் செய்தவர்கள். முதலாளி இருந்தது செட்டிநாட்டில். இங்கே தொழிலை நடத்தியவர் அவருடைய முகவர். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. தவணை முடிந்தால் அவர் ஊர் திரும்புவார், வேறொருவர் வந்து பெட்டிச் சாவியை வாங்கிக்கொள்வார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கடன் வாங்கியவர் முகத்தை முதலாளி பார்த்ததே இல்லை. புதிய முகவருக்கும் யாரையும் தெரியாது. பிறகு எப்படித் தொழில் நின்றுபோகாமல் நடந்தது? கணக்குப் புத்தகத்தால்! அன்றாட வரவு செலவு முதலில் நாட்குறிப்பில் ஏறும். அதிலிருந்து ஒவ்வொருவர் பெயரிலும் பேரேட்டில் பதிவாகும். பின்பு ஐந்தொகை எடுத்து, கப்பல் வழியாக ஊருக்கு அனுப்புவார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் இந்தக் கணக்கைக் கற்றுத்தான் அடுத்தாளாகவும், பிறகு முகவராகவும் உயர்ந்தார். எல்லாக் கிளையிலும் ஒரே மாதிரிக் கணக்கு எழுதியதால், யார் எழுதியதையும் இன்னொருவர் படிக்க முடிந்தது.

இதுதான் தகவல் முறைமை. ஆள் மாறினாலும் தொழில் மாறாமல் நடக்க, தகவல் ஒருவர் தலைக்குள் இல்லாமல் எல்லாரும் நம்பும் ஓர் இடத்தில் இருக்க வேண்டும்.

2. வணிகச் செயல்முறை என்றால் என்ன?

ஒரு வேலை தொடங்கி முடியும் வரை உள்ள படிகளின் வரிசையே செயல்முறை. ஒரு மளிகை மொத்த வியாபாரியிடம் ஓர் உணவகம் 50 கிலோ மிளகாய்த்தூள் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

அ. ஆர்டர் எடுத்தல்
ஆ. கிடங்கில் சரக்கு இருக்கிறதா, பழைய பாக்கி நிற்கிறதா என்று பார்த்தல்
இ. சரக்கை லாரியில் ஏற்றுதல்
ஈ. விலைப்பட்டியல் கொடுத்தல்
உ. பணம் வாங்கிக் கணக்கில் சேர்த்தல்

விற்பனையாளருக்கு ஒரு நோட்டு, கிடங்குக்கு ஒரு நோட்டு, கணக்கருக்கு ஒரு நோட்டு என்று இருந்தால், அதே 50 கிலோவை மூன்று முறை எழுத வேண்டும். ஒன்றில் 15 என்று விழுந்தாலும் சண்டைதான்.

நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருள், அதாவது இ.ஆர்.பி., இந்த நோட்டுகளை எல்லாம் ஒரே தரவுத்தளமாக ஆக்குகிறது. ஆர்டரை ஒருமுறை பதிந்தால் போதும். கிடங்குக்கு அது தெரியும். சரக்கு வெளியேறியதும் இருப்பு குறையும். கணக்கில் பாக்கி ஏறும். கொள்முதல் பிரிவுக்கு "மிளகாய்த்தூள் குறைகிறது" என்று எச்சரிக்கை போகும். இத்தகைய மென்பொருளுக்குப் பெயர்பெற்ற எஸ்.ஏ.பி. நிறுவனம் 1972-இல் ஜெர்மனியில் தொடங்கியது. இன்டெல் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

3. நம் கடைகளுக்கு வந்துவிட்ட மாற்றம்

மலேசியாவில் மின்-விலைப்பட்டியல் திட்டம் 1.8.2024 அன்று, ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களோடு தொடங்கியது. 1.7.2025 முதல் 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் உள்ளவர்களையும் எட்டியது. விலைப்பட்டியல் வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்குப் போய், சரிபார்க்கப்பட்டு, தனி அடையாள எண்ணோடு திரும்புகிறது. தவறு இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம்.

"கணக்கெல்லாம் அப்பா தலையில இருக்கு" என்று நடக்கும் குடும்பக் கடைகள் நம்மிடையே நிறைய. அப்பா ஒரு மாதம் படுத்துவிட்டால், யார் எவ்வளவு தர வேண்டும் என்பதுகூட வீட்டாருக்குத் தெரியாது. வரிக்காக மட்டுமல்ல, கடை அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும் என்றாலும் தகவல் பதிவில் இருக்க வேண்டும்.

4. மென்பொருள் மட்டும் போதாது

அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் சுமார் 11 கோடி டாலர் செலவில் புதிய முறைமை அமைத்து, 1999 ஜூலையில், ஹாலோவீன் விற்பனை நெருங்கும் நேரத்தில் அவசரமாக இயக்கியது. கிடங்கில் சரக்கு இருந்தும் கடைகளுக்கு அனுப்ப முடியவில்லை. 10 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்கள் நிறைவேறாமல் போயின. படிகளைச் சீர்செய்து, ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, சோதித்துப் பார்த்த பிறகே முறைமையை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் குழப்பம்தான் வேகமாகும்.

5. தேர்வுக்கு

கருத்துகளை இப்படி வரிசைப்படுத்தலாம்: ஒரே பதிவு, பலருக்குப் பயன், பிழையும் காலவிரயமும் குறைதல், உடனுக்குடன் முடிவெடுத்தல், ஆள் மாறினாலும் தொழில் தொடர்தல், செலவு, பயிற்சி, தரவுப் பாதுகாப்பு ஆகிய சவால்கள். ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு கட்டாயம்.

வகுப்பில் செய்து பார்க்க: மாணவர்கள் தங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு நாசி லெமாக் பொட்டலம் வந்து சேர்ந்து விற்பனையாகும் வரை உள்ள படிகளை எழுதட்டும். எந்தப் படியில் தகவல் ஒருவர் தலையில் மட்டும் இருக்கிறது என்று கோடிடச் சொல்லுங்கள். கட்டுரையின் முதல் பத்தி அந்தக் கோட்டிலிருந்தே தொடங்கலாம்.