ஆல்ப்ஸ் ஆசை, குல்மார்க் பட்ஜெட்: கோவையிலிருந்து பனிச்சறுக்குக்குக் கிளம்புவது எப்படி?

சுவிட்சர்லாந்து மலையில் யாரோ ஒருவர் பனியில் சறுக்கி இறங்கும் ரீல்ஸ் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும். "மச்சி, இந்த வருஷம் போயே ஆகணும்" என்று ஒருவர் போடுவார். பத்து நிமிஷத்தில் இன்னொருவர் விலையைப் பார்த்துச் சொன்னதும் குரூப் கப்சிப். சரவணம்பட்டி, காளப்பட்டி பக்கம் டிசம்பர் வந்தால் நடக்கிற கதைதான் இது.

விலை அப்படித்தான் இருக்கிறது. ஷெங்கன் விசா கட்டணமே தலைக்கு 90 யூரோ (2024 ஜூனில் 80-லிருந்து ஏற்றினார்கள்). ஐந்து பேர் என்றால் ஏறத்தாழ 45,000 ரூபாய். விசா கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆல்ப்ஸின் பெரிய ரிசார்ட்களில் ஆறு நாள் லிஃப்ட் பாஸ் மட்டும் 300 யூரோவைத் தாண்டிவிடும். விமானம், ரூம், ஸ்கீ வாடகை, பயிற்சியாளர் எல்லாம் தனிக் கணக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், முதல்முறை ஸ்கீ மாட்டுபவர் அந்தப் பாஸில் பாதியைக்கூடப் பயன்படுத்த மாட்டார். முதல் மூன்று நாள் சின்னச் சரிவில் விழுந்து எழுவதிலேயே போய்விடும்.

விழுந்து எழ ஆல்ப்ஸ் வரை போகத் தேவையில்லை. காஷ்மீரின் குல்மார்க் போதும்.

எவ்வளவு உயரம்?

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில், ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குல்மார்க். நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதாவது ஊட்டி உச்சியில் நிற்கிற உயரம்தான், பனி மட்டும் ஆளை மூடும் அளவுக்கு. அங்கிருந்து கோண்டோலா எனப்படும் கேபிள் கார் இரண்டு கட்டமாக ஏறுகிறது. முதல் கட்டம் கோங்தூரி வரை, சுமார் 3,100 மீட்டர். இரண்டாவது கட்டம் அபர்வத் மலைத் தோளுக்கு, சுமார் 3,950 மீட்டர். கோவை இருப்பதோ 400 மீட்டர் சொச்சத்தில். வந்திறங்கிய அன்றே மேலே ஏறினால் தலைவலி, குமட்டல் வரலாம். ஒருநாள் கீழே சும்மா இருப்பது நல்லது.

எல்லோரும் ஒரே லெவல் இல்லையே?

பிளான் சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். ஒருவர் ஜெர்மனி ஆன்சைட்டில் இருந்தபோது ஸ்கீ கற்றிருப்பார். இரண்டு பேர் ஊட்டி உறைபனியைத் தவிர வேறு பனியே பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவருக்கு முழங்கால் பிரச்சினை. எல்லோருக்கும் ஒரே டிக்கெட், ஒரே பேக்கேஜ் என்று போட்டால் யாரோ ஒருவர் பயந்துபோவார், இன்னொருவர் போரடித்துப்போவார்.

புதியவர்களுக்குக் கீழே உள்ள மென்மையான சரிவுகள் போதும். கோண்டோலாவுக்குக்கூட முதல் நாட்களில் காசு செலவழிக்க வேண்டாம். ஓரளவு தெரிந்தவருக்கு கோங்தூரி பக்கம். அபர்வத் உச்சி வேறு உலகம். ஆல்ப்ஸில் நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் பிரித்து, இயந்திரம் வைத்துச் சமன்படுத்திய பாதைகள் படிப்படியாகக் கிடைக்கும். குல்மார்க்கில் அந்த நடுப்படி ரொம்பக் குறைவு. கீழே குழந்தைச் சரிவு, மேலே காட்டுப் பனி. "ஜெர்மனியில் ரெட் ரன் இறங்கியிருக்கேன்" என்பவர் இங்கே மேலே போகத் தகுதியானவர் என்று அர்த்தமில்லை.

சும்மா பயமுறுத்தவில்லை. 2023 பிப்ரவரி 1-ம் தேதி அபர்வத்தில் நடந்த பனிச்சரிவில் போலந்து நாட்டினர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22-ல் ஒரு ரஷ்யர். அங்கே போக உள்ளூர் வழிகாட்டி, பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் பீக்கன் கருவி, மண்வாரி மூன்றும் வேண்டும். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். குரூப்பில் ஒருவருக்காக மற்ற நால்வரும் மேலே ஏறுவது வேண்டவே வேண்டாம்.

முழங்கால் நண்பருக்கு கோங்தூரி வரை கோண்டோலா, ஒரு கப் கஹ்வா, போட்டோ. ஸ்லெட்ஜில் உட்கார்ந்தால் விலையை முதலிலேயே பேசிவிடுவது உத்தமம்.

காசு எங்கே மிச்சமாகும்?

தனியார் பயிற்சியாளரை நாள் கணக்கில் பிடிப்பதைவிட அரசுப் பயிற்சி வகுப்பு மலிவு. குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் இயங்குகிறது. உத்தராகண்டின் அவுலியில் கர்வால் மண்டல் விகாஸ் நிகம் 7 நாள், 14 நாள் வகுப்புகள் நடத்துகிறது; தங்குமிடம், சாப்பாடு, உபகரணம் எல்லாம் கட்டணத்திலேயே சேர்த்தி. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். அவுலிக்கான ரோப்வே 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் புதைந்தபோது நிறுத்தப்பட்டது. கிளம்பும் முன் நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கீ, பூட்ஸ் வாங்கவே வேண்டாம், வாடகை போதும். உள்ளே போடும் துணியில் மட்டும் கவனம். திருப்பூர் காட்டன் பனியன் ஊருக்கு அருமை, பனிக்கு எதிரி. வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைத்துவிடும். பாலியெஸ்டர் அல்லது கம்பளி தெர்மல் எடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம்.

எப்போது போகலாம்?

பொங்கல் லீவில் போகலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் காய்ந்து கிடந்தது. 2025-ல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மார்க் போட்டிகளே பனியில்லாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் தேதி வையுங்கள். கேன்சல் செய்தால் பணம் திரும்பும் ரூமாகப் பாருங்கள். 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டு, பிறகு படிப்படியாகத் திறக்கப்பட்டன. அதனாலும் இந்த வசதி அவசியம்.

கோவையிலிருந்து டெல்லி, அங்கிருந்து ஸ்ரீநகர் என்று விமானம் மாறலாம். நேரம் இருக்கிறது, காசு இல்லை என்பவர்களுக்கு வாரம் ஒருமுறை கோவை, ஈரோடு, சேலம் வழியாகப் போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கட்ரா வரை இரண்டரை நாள் போல ஆகும். அங்கிருந்து 2025 ஜூன் முதல் ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது.

ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. ஐந்து பேரில் இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு விபத்து பெரும்பாலும் சேராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பனி கொட்டினால் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகும். அதனால் ஞாயிறு இரவு கோவையில் இறங்கி திங்கள் காலை லாகின் என்று கணக்குப் போடாமல், செவ்வாய் வரை லீவ் சொல்லி வையுங்கள்.