10 முறை மர்மப் பெண் கைவரிசை! போனது எதுவும் இல்லை, வந்ததுதான் அதிசயம்

ஸ்காட்லாந்து நாட்டின் தலைநகரம் எடின்பரோ. 2011-ம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கி நவம்பர் வரை அந்த ஊரில் ஒரு மர்ம ஆசாமி இடம் விட்டு இடம் நுழைந்து கைவரிசை காட்டினார். நூலகம், சினிமா தியேட்டர், மியூசியம் எதையும் விடவில்லை. மொத்தம் 10 சம்பவங்கள்.

பூட்டு எதுவும் உடையவில்லை. கல்லாப் பெட்டியில் கை வைக்கவில்லை. வந்தவர் எதையும் எடுத்துக்கொண்டு போகவும் இல்லை.

ஆமாம், ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொருளை வைத்துவிட்டுப் போனார்! அத்தனையும் காகிதச் சிற்பங்கள். பழைய புத்தகத்தை வெட்டி, மடித்து, சுருட்டி, ஒட்டிச் செய்தவை.

போலீஸ் ஸ்டேஷன் செய்தி எழுதிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் புதுசு. "காணாமல் போனது" என்று புகார் கொடுக்கலாம். "காணாதது வந்து சேர்ந்தது" என்று எந்த ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுப்பது?

காகித மரம்

முதல் சம்பவம் நடந்த இடம் ஸ்காட்டிஷ் கவிதை நூலகம். 1984-ல் ஆரம்பித்த நூலகம். கேனன்கேட் தெருவை ஒட்டிய ஒரு சந்துக்குள் இருக்கிறது.

மார்ச் மாதத்தில் ஒருநாள் அங்கே உள்ள ஊழியர்கள் கண்ணில் ஒரு சின்ன மரம் பட்டது. புத்தகத்தின் மேலே வேர் பிடித்து நிற்கிற மரம். அடிமரம், கிளை, இலை எல்லாமே காகிதம். மரத்தடியில் இரண்டாக உடைந்த ஒரு முட்டை. ஓட்டின் உள்பக்கம் தங்க நிறம். அதற்குள்ளே சொற்கள் அச்சான காகிதத் துணுக்குகள்.

துணுக்குகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அட, ஒரு கவிதை! எட்வின் மார்கன் எழுதியது. ஸ்காட்லாந்து அரசு 2004-ல் நாட்டுக் கவிஞர் என்ற பதவியை முதல் முதலாகக் கொடுத்தது இவருக்குத்தான். 2010 ஆகஸ்டில் தமது 90-வது வயதில் காலமானார். அவர் மறைந்து சுமார் ஏழு மாதத்தில் இந்த முட்டை வந்திருக்கிறது.

கூடவே ஒரு சீட்டு. அதில் கையெழுத்து கிடையாது, விலாசம் கிடையாது. உங்கள் பெயரில் இருந்துதான் இது தொடங்கியது, பிறகு மரமாகிவிட்டது என்ற பொருளில் எழுதியிருந்தது. நூலகம் என்பது வெறும் கட்டிடம் அல்ல, நூலகங்களுக்கும் புத்தகங்களுக்கும் ஆதரவாக இது என் பரிசு என்றும் இருந்தது.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

அது என்ன "உங்கள் பெயர்"? ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) அந்த நூலகம் வைத்திருந்த பெயருக்கு, "இலைகளால் வாழ்கிறோம்" என்று அர்த்தம். ஆங்கிலத்தில் இலைக்கும் புத்தகத்தின் தாளுக்கும் ஒரே சொல். நமக்கு இது புரியாத விஷயமா என்ன? பனை ஓலையில் எழுதி ஏடு என்று சொன்னவர்கள்தானே!

அந்த வாசகத்துக்குச் சொந்தக்காரர் பேட்ரிக் கெடிஸ். எடின்பரோவில் வாழ்ந்த தாவர விஞ்ஞானி, நகர அமைப்பு நிபுணர். இவருக்கும் நம்ம ஊருக்கும் சம்பந்தம் உண்டு. 1914-ல் நகர அமைப்புக் கண்காட்சி நடத்த இந்தியாவுக்குப் புறப்பட்டார். படங்கள், வரைபடங்கள் எல்லாம் கிளான் கிராண்ட் என்ற கப்பலில் ஏறின. அந்தக் கப்பலை நடுக்கடலில் மூழ்கடித்தது எது தெரியுமா? நம் சென்னை மேல் குண்டு போட்ட அதே எம்டன்! மனிதர் அசரவில்லை. வேறு படங்களைத் திரட்டி 1915-ல் சென்னையில் கண்காட்சியை நடத்திவிட்டார். மதுரை, தஞ்சாவூர் போன்ற ஊர்களைப் பற்றி அறிக்கையும் எழுதிக் கொடுத்தார்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சவப்பெட்டியும் கிராமபோனும்

காகித மரத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தார்கள். முடியவில்லை. ஜூன் மாதம் அடுத்த சம்பவம். இந்தத் தடவை ஸ்காட்லாந்து தேசிய நூலகம். பிரிட்டனில் வெளியாகும் எந்தப் புத்தகத்திலும் ஒரு பிரதி கேட்டு வாங்கும் சட்ட உரிமை உள்ள பெரிய நூலகம்.

அங்கே கிடைத்தது ஒரு காகித கிராமபோன். பக்கத்தில் ஒரு சவப்பெட்டி! இரண்டையும் வெட்டி எடுத்த புத்தகம், இயன் ரேங்கின் எழுதிய "எக்ஸிட் மியூசிக்" என்ற துப்பறியும் நாவல். ரேங்கின் எடின்பரோவாசி. ரீபஸ் என்ற போலீஸ் இன்ஸ்பெக்டரை வைத்துக் கதை எழுதிப் பெயர் பெற்றவர். எக்ஸிட் என்றால் வெளியேறும் வழி என்பது தியேட்டருக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். சீட்டில் அதே சொல்லை வைத்து ஒரு குத்து. நூலகங்களுக்கு ஆதரவாக, அவை "எக்ஸிட்" ஆவதை எதிர்த்து இந்தப் பரிசு என்று எழுதியிருந்தது.

சவப்பெட்டி விளையாட்டுக்கு வைத்தது இல்லை. அந்த நேரத்தில் பிரிட்டன் முழுவதும் அரசு செலவைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ஊராட்சி மன்றங்கள் நூலகங்களிலும் கை வைத்தன. 2010-ல் இருந்து 2019 வரை பிரிட்டனில் கிட்டத்தட்ட 800 நூலகங்கள் மூடப்பட்டன. எண்ணூறு! பேப்பர் படிக்க வரும் பெரியவர், பரீட்சைக்குப் படிக்கிற பையன், குளிருக்கு ஒதுங்குகிறவர் எல்லோருக்கும் கதவு அடைபட்டது. யாரும் ஊர்வலம் போகாமல் இல்லை. போனார்கள், கோஷம் போட்டார்கள். இந்த ஒரு ஆள் மட்டும் கத்தியும் கோந்தும் எடுத்தார்.

திரையைக் கிழித்த குதிரை

அடுத்த பரிசு ஃபிலிம்ஹவுஸ் தியேட்டருக்குப் போனது. காகிதத்திலேயே ஒரு குட்டி தியேட்டர். திரையைக் கிழித்துக்கொண்டு குதிரை வீரர்கள் பாய்கிறார்கள், ஜனங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்! (அந்த ஃபிலிம்ஹவுஸ் 2022 அக்டோபரில் பணமுடையில் நிஜமாகவே மூடப்பட்டது. ஊர் மக்கள் விடாமல் போராடி, பணம் திரட்டி, 2025-ல் மறுபடி திறந்தார்கள்.)

கதை சொல்லும் மையத்துக்கு ஒரு காகித டிராகன், கூட்டுக்குள்ளே சுருண்டபடி வந்தது. ஆகஸ்டில் நடந்த புத்தகத் திருவிழாவுக்கு டீ கோப்பையும் கேக்கும் வந்தன. டீயும் இலைதானே!

இதற்குள் பத்திரிகைக்காரர்களும் புகைப்படக்காரர்களும் மோப்பம் பிடித்துவிட்டார்கள். அடுத்தது எங்கே என்று ஊரே காத்திருந்தது.

ஒரே ஒரு எழுத்து

என்னைக் கேட்டால், பத்தில் ரொம்பக் கூர்மையான வேலை மத்திய நூலகத்தில் நடந்ததுதான். இது 1890-ல் திறந்த நூலகம். கார்னகி என்ற கோடீஸ்வரர் பணம் கொடுத்துக் கட்டியது. தேசிய நூலகத்துக்கு நேர் எதிரே, ரோட்டைத் தாண்டினால் போதும். சம்பவம் நடந்த இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறார் பாருங்கள், என்ன தைரியம்!

அங்கே வைத்தது புத்தகத்தின் மேலே நிற்கும் காகித பூதக்கண்ணாடி. சீட்டில் மூன்றே சொல். நூலகத்தை மூட நினைக்கிற எந்த அதிகாரியும் சொல்லும் வாக்கியம்: "நூலகங்கள் செலவு பிடிப்பவை". ஆங்கிலத்தில் அந்தச் செலவு என்ற சொல்லில் ஒரே ஒரு எழுத்தை அடித்து வேறு எழுத்துப் போட்டிருந்தது. உடனே அர்த்தம் மாறி "நூலகங்கள் விரிந்து பரந்தவை" என்று ஆகிவிட்டது. நூலகத்தை நடத்துவது மாநகராட்சி. சீட்டும் அவர்களுக்குத்தான். இதற்கு எந்த கவுன்சிலர் பதில் சொல்ல முடியும்?

புத்தகத்தை வெட்டலாமா?

வாசகர்களில் சிலருக்கு இந்நேரம் கோபம் வந்திருக்கும். புத்தகத்தைக் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிற ஜனங்கள் நாம். நூலகத்துப் புத்தகத்தில் பக்கத்தைக் கிழிக்கிற பேர்வழிகளைத் திட்டாத நூலகர் உண்டா?

ஆனால் இவர் நூலக அலமாரியில் கை வைக்கவில்லை. தன் கையில் இருந்து கொண்டு வந்த புத்தகங்களையே வெட்டினார். கடையில் ஆயிரக்கணக்கில் விற்கிற நாவலில் ஒரு பிரதி போனால் கதை அழிந்துவிடாது. எடைக்குப் போட்டால் அது பொட்டலம் ஆகும். இங்கே டிராகன் ஆனது. நான் வெட்டினவர் பக்கம்தான்.

வேலையும் லேசானது அல்ல. பலகைக்கு இருக்கிற மாதிரி காகிதத்துக்கும் நார் ஓட்டம் உண்டு. ஓட்டத்தோடு மடித்தால் படிந்து வரும். குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும், மடிப்பு பிசிறிப் போகும். அச்சகத்தில், பைண்டிங் கடையில் வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். பழைய நாவல் தாளில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் கலந்திருப்பதால் நாளாக ஆகப் பழுப்பேறும். அந்தப் பழுப்பே மரப்பட்டைக்கும் டிராகன் தோலுக்கும் நிறமாகிவிடுகிறது. தனியே சாயம் எதற்கு? அச்சு வரிகள் செதில் மாதிரி ஓடுகின்றன. உற்றுப் பார்த்தால் படிக்கவும் படிக்கலாம்.

"அவன்" இல்லை, "அவள்"

நவம்பரில் தேசிய மியூசியத்தில் ஒரு டைனோசர் முளைத்தது. கானன் டாயில் எழுதிய "தி லாஸ்ட் வேர்ல்ட்" புத்தகத்தைப் பிளந்துகொண்டு வாயைத் திறந்து நின்றது. ஷெர்லக் ஹோம்சைப் படைத்த டாயில் 1859-ல் பிறந்தது இதே எடின்பரோவில்தான். எழுத்தாளர் மியூசியத்துக்கு ஒரு தெருக்காட்சி வந்தது.

பத்தாவது, கடைசி சிற்பம் மறுபடியும் அதே கவிதை நூலகத்துக்கு வந்தது. ஒரு தொப்பி, ஒரு ஜோடி கையுறை. சின்னஞ்சிறு ரென் பறவையின் சிறகால் செய்த மாதிரி தொப்பி, தேனீயின் ரோமத்தால் செய்த மாதிரி கையுறை. இந்தக் கற்பனை நார்மன் மக்கேக் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞருடையது.

இந்தத் தடவை நீளமான கடிதம். கதை சொல்வது போல எழுதியிருந்தது. கதையை எங்கே முடிப்பது என்று தெரிய வேண்டும், நல்ல கதை தொடங்கின இடத்திலேயே முடியும் என்று "அவள்" நினைத்தாளாம். அதனால்தான் முதல் மரத்தை நேசித்தவர்களிடமே திரும்பி வந்தாளாம். சில பேர் இதையெல்லாம் செய்தது ஓர் ஆண் என்றுகூட நினைத்தார்களே, நன்றாயிருக்கிறது என்று ஒரு கேலி வேறு! கடைசியில் ஊருக்கு ஒரு வாழ்த்துச் சொல்லி விடைபெற்றிருந்தாள்.

ஆக, கிடைத்த ஒரே துப்பு: செய்தது ஒரு பெண்.

ஏன் பிடிக்கவில்லை?

பிடிக்க முடியாத ஆளா என்றால், அதுவும் இல்லை. சின்ன ஊர். பெரும்பாலும் நடந்து போகிற தூரத்தில் உள்ள இடங்கள். ஒரே கை வேலை, ஒரே மாதிரி சீட்டு. காகிதக் கலை தெரிந்த ஆட்களை ஒவ்வொருவராக விசாரித்தாலே போதும். அவருடைய கடிதத்திலேயே, சில பேர் புத்தகக் கலைஞர்களிடையே தேடினார்கள் என்று வருகிறது.

ஆனால் பெயரைக் கண்டுபிடித்துப் போட வேண்டும் என்ற வேகம் அந்த ஊரில் பெரிதாகக் கிளம்பவில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது என்று ஜனங்கள் விட்டுவிட்டார்கள். இன்றுவரை அந்தப் பெண்ணின் பெயர் வெளியே அறிவிக்கப்படவில்லை. பெயர் தெரிந்தால் விலை வந்துவிடும், ஏஜெண்டு வந்துவிடுவார், அப்புறம் அது பரிசு இல்லை, சரக்கு. நிருபர் என்ற முறையில் எனக்குக் கை ஊறத்தான் செய்கிறது. ஆனாலும் எடின்பரோக்காரர்கள் செய்தது சரி என்றே படுகிறது.

நாவலாசிரியர் ரேங்கினுக்கும் தனியாக ஒரு சிற்பம் போய்ச் சேர்ந்தது. அவர் புத்தகத்தை அத்தனை வெட்டியதற்கு வட்டியோ என்னவோ!

கப்பல் கவிழ்ந்த இடத்தில்

2012-ல் அந்தப் பத்தும் ஸ்காட்லாந்தின் பல ஊர்களுக்குச் சுற்றுலாப் போயின. அதே ஆண்டு நவம்பரில் ஸ்காட்லாந்து புத்தக வாரம் வந்தது. அதற்காக அதே மர்மப் பெண் புதிதாக ஐந்து சிற்பங்கள் செய்து கொடுத்தார். அவற்றை நாட்டின் ஐந்து மூலைகளில் ஒளித்து வைத்து, துப்பு கொடுத்து, ஜனங்களையே தேட விட்டார்கள். பீட்டர் பேன் கதைச் சிற்பம், அந்தக் கதையை எழுதிய பேரி பிறந்த கிரிமியூர் என்ற ஊரில் இருந்தது. கவிஞர் பர்ன்ஸ் பிறந்த ஊரில் அவருடைய கதைப்பாட்டுச் சிற்பம் ஒன்று.

இன்னொன்று எரிஸ்கே என்ற குட்டித் தீவில் ஒரு மதுக்கடையில் இருந்தது. 1941-ல் அந்தத் தீவின் அருகே "பொலிட்டீஷியன்" என்ற கப்பல் தரை தட்டியது. உள்ளே விஸ்கிப் பெட்டிகள்! தீவுவாசிகள் ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் போய் முடிந்தவரை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். சுங்க அதிகாரிகள் வீடு வீடாகத் தேடினார்கள். சில பேர் ஜெயிலுக்கும் போனார்கள். இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் காம்ப்டன் மெக்கன்சி "விஸ்கி கலோர்" என்ற நாவலை எழுதினார். மதுக்கடைக்குப் பெயரே அந்தக் கப்பலின் பெயர்தான். அந்த நாவலை வெட்டிச் செய்த சிற்பத்தைத்தான் அந்தக் கடையில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருந்தார்கள்.